கருவி மௌனமானால் பயிருக்கு யார் பொறுப்பு?

தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரின் அருமை தெரியாத விவசாயி கிடையாது. கிணறு வற்றி, அதன் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, அதுவும் பொய்த்த பிறகு கடனைச் சுமந்து நிற்கும் குடும்பங்கள் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் பல உண்டு. இப்படிப்பட்ட மாவட்டத்தில், மண்ணின் ஈரத்தைத் தானே அளந்து, கம்பி இல்லாமல் செய்தி அனுப்பி, தேவையானபோது மட்டும் மோட்டாரை ஓட்டும் கருவி என்று ஒன்றைக் காட்டினால் விவசாயிகள் ஆவலோடு பார்ப்பது இயற்கையே. ஆனால் அந்தக் கருவி கெட்டுப்போனால் எப்படித் தெரியும், எங்கே கெட்டது என்று யார் கண்டுபிடிப்பார்கள் என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. சிறு விவசாயியின் பணம் மூழ்குவது அந்த இடத்தில்தான்.

புதிய முறைகளைக் கண்டு மிரளும் மாவட்டம் இது அன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 2004-05ஆம் ஆண்டில் துல்லியப் பண்ணையத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர் என்பது இலக்கு. உளிக்கலப்பையால் ஆழ உழுவது, குழித்தட்டு நாற்று, சொட்டு நீர்ப் பாசனம், சொட்டு நீரோடு கரையும் உரத்தைக் கொடுப்பது ஆகியவை அதில் அடங்கும். வறட்சியால் சோர்ந்து போயிருந்த விவசாயிகள் முதலில் சேரத் தயங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்து விளைச்சலைக் கண்ணால் பார்த்த பிறகு தயக்கம் தீர்ந்தது.

அந்த முறை இங்கே நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது அதிகமாகப் பேசப்படுவதில்லை. சொட்டு நீர்க் குழாயில் வரும் கோளாறு கண்ணுக்குத் தெரியும். சொட்டுவான் அடைத்துக் கொண்டால் அந்தச் செடியின் அடியில் மண் காய்ந்து கிடக்கும். வடிகட்டியில் பாசி ஏறினால் அழுத்தமானி காட்டிவிடும். குழாயை அணில் கடித்தால் தண்ணீர் பீய்ச்சும். விவசாயி கடைசி மூடியைக் கழற்றிக் குழாயை அலசி விடுவார், அமிலம் விட்டு உப்பைக் கரைப்பார், வெட்டி ஒட்டுவார். பழுது அவர் கைக்கு எட்டுகிறது. கம்பியில்லாக் கருவிகளில் வரும் பழுதோ பெரும்பாலும் கட்டளை எழுத்துக்குள் ஒளிந்திருக்கும். பெட்டி பார்க்க நன்றாகவே இருக்கும். பயிர் வாடிய பிறகுதான் சந்தேகம் வரும்.

கைமாற்றும் செய்தி

கம்பியில்லா உணர்கருவி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வேர்ப் பகுதியில் புதைக்கும் ஈர முள் ஒன்று. அதனோடு இணைந்த சிறு பெட்டி ஒன்று. பெட்டிக்குள் பாட்டரியும், சிறிய கணிப்பொறிச் சில்லும், வானொலி அலைகளால் செய்தி அனுப்பும் பகுதியும் இருக்கும். தோட்டத்தில் இப்படிச் சில பெட்டிகள். மோட்டார் அறையில் ஒரு தலைமைப் பெட்டி. கோடியில் உள்ள பெட்டியின் குரல் தலைமைப் பெட்டிக்கு நேரே எட்டாது. வீட்டுக்குத் தளம் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப்போல, ஒரு பெட்டியின் செய்தியை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுக்கிறது. யார் யாரிடம் வாங்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று சில்லுக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைகளுக்குத்தான் மென்பொருள் என்று பெயர்.

பாட்டரி பல மாதம் நீடிக்க வேண்டுமானால் பெட்டி பெரும்பாலான நேரம் தூங்க வேண்டும். பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப்போல, குறித்த நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் விழித்து, செய்தியைக் கைமாற்றி, மறுபடியும் தூங்கிவிடுகின்றன. இங்கேதான் வம்பு. ஒரு பெட்டியின் கடிகாரம் பிந்திவிட்டால், அது விழிக்கும் நேரத்தில் மற்றவை தூங்கியிருக்கும். முறை தவறியவரின் வயலுக்குத் தண்ணீர் இல்லை என்பதுபோல, அதன் செய்திக்குக் கேட்பார் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் வெப்பத்துக்கு ஏற்பச் சற்று வேகம் மாறக்கூடியது. நிழலான அறையில், மின்விசிறிக்கு அடியில் மேசைமேல் வைத்துச் சோதித்தபோது சரியாக இருந்த கட்டளை, சித்திரை வெயிலில் தகரக் கூரை ஓரத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி நின்று போவதால் வரும் கெடுதலைவிட, நின்றது தெரியாமல் இருப்பதால் வரும் கெடுதல் பெரிது. ஒன்றரை ஏக்கரில் தக்காளி நட்டிருக்கும் ஒருவர், தினமும் காலையில் செல்போனில் ஈர அளவைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை வந்த அளவு போதுமான ஈரத்தைக் காட்டுகிறது. அன்று இரவு நடுவில் இருக்கும் ஒரு பெட்டி செயலற்றுப் போகிறது. செவ்வாய்க்கிழமை புதிய செய்தி வரவில்லை. ஆனால் செல்போன் திரையில் திங்கட்கிழமை அளவே நின்றுகொண்டிருக்கிறது. புதனும் அப்படியே. பூக்கும் பருவத்தில் இருக்கும் தக்காளி தண்ணீர் இல்லாமல் பூவை உதிர்க்கிறது. பிறகு அவசரமாகத் தண்ணீரைக் கொட்டினால், காய்ந்து நனைந்த செடியில் காயின் அடி கறுக்கும் நோய் வருகிறது. இவ்வளவுக்கும் கருவி பொய் சொல்லவில்லை. பழைய உண்மையையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. அளவுக்குப் பக்கத்தில் அது வந்த நாளையும் நேரத்தையும் காட்ட வேண்டும், நேரம் கடந்தால் எண்ணை அழித்துவிட்டுத் ‘தொடர்பு இல்லை’ என்று தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு கட்டளை சேர்த்திருந்தால் அந்தப் பூ உதிர்ந்திருக்காது. அதைச் சேர்க்க வேண்டும் என்ற நினைப்புத்தான் மேசைமுன் உட்கார்ந்து எழுதுபவருக்கு வருவதில்லை.

பொய் சொல்லும் கருவியும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு சுமார் 70 மீட்டர் உயரமுள்ள செம்மரம் ஒன்றில் பல உயரங்களில் இத்தகைய பெட்டிகளைக் கட்டி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்தார்கள். (நம் பக்கத்துச் செம்மரம் அன்று; அது வேறு இனம்.) பாட்டரி ஓரளவுக்கு மேல் இறங்கியதும் அந்தப் பெட்டிகள் சும்மா இருக்கவில்லை. தாறுமாறான அளவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. ஆகவே ஈர அளவோடு பாட்டரியின் நிலையையும் பெட்டி சேர்த்து அனுப்பினால்தான் அந்த அளவை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

உருளைக்கிழங்கு வயலில் நடந்தது

இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை, மேல்நாட்டில் இப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் நெதர்லாந்துக் கதையைக் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டு அந்நாட்டின் வடகிழக்கில் போர்கர் என்ற ஊரில், உருளைக்கிழங்கு வயல் ஒன்றில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை நட்டார்கள். உருளைக்கிழங்கின் இலைக்கருகல் நோய், இலைகளுக்கு நடுவே ஈரப்பதமும் வெப்பமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து வருவது. அதை அளந்து, தேவையானபோது மட்டும் மருந்து தெளிக்கலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, வந்திருக்க வேண்டிய செய்திகளில் 2 சதவீதம் மட்டுமே வந்து சேர்ந்திருந்தது.

காரணங்களைக் கேட்டால் ஊர்க் கதை போலவே இருக்கும். கடைசி நேரத்தில் ஒரு பிழையைத் திருத்தப் போய், பாதி முடிந்த வேறொரு திருத்தமும் தெரியாமல் அதோடு சேர்ந்து எல்லாப் பெட்டிகளுக்கும் போய்விட்டது. பெட்டிகளைத் தோண்டி எடுக்காமல் வானொலி வழியாகவே புதிய கட்டளைகளை ஏற்றும் வசதி ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வசதியே வினையாயிற்று. பழைய கட்டளையும் புதிய கட்டளையும் பெட்டிகளுக்குள் மாறி மாறிப் பரவிக்கொண்டிருக்க, தூங்க வேண்டிய பெட்டிகள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்து நான்கே நாட்களில் பாட்டரியைத் தீர்த்துவிட்டன. இதற்கு முந்தைய ஆண்டுச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்திருந்தது: உருளைக்கிழங்கு தழைத்துப் பூக்கும் பருவத்தில் செய்தி எட்டும் தூரம் சுமார் 10 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. தழையில் உள்ள நீர் வானொலி அலையை விழுங்குகிறது. வெறும் நிலத்தில் நட்டு, ‘பாருங்கள், எவ்வளவு தூரம் எட்டுகிறது’ என்று காட்டும் விற்பனையாளரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆராய்ச்சியாளர்களைப் பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நடந்த தவறுகளை மறைக்காமல் எழுதி 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பிறகு வந்தவர்கள் அதைப் படித்துத்தான் திருந்தினார்கள். நம் நாட்டில் வெற்றிக் கதைகள் மட்டுமே அச்சேறுகின்றன.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. தருமபுரியைப் போலவே மழை குறைந்த பகுதியான கர்நாடக மாநிலம் துமகூரு மாவட்டத்துப் பாவகடா தாலுகாவில், சென்னகேசவபுரம் என்ற கிராமத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2000-களின் நடுவில் இத்தகைய கருவி வலை ஒன்றை அமைத்தன. அங்கே நிலக்கடலை பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு உதவுவதே நோக்கம். கருவியைப் புதைப்பதற்கு முன் அவர்கள் செய்த முதல் வேலை, எந்தச் செய்தி தேவை என்று விவசாயிகளிடமே விசாரித்தது. இந்த ஒரு பழக்கத்தையாவது மற்றவர்கள் பின்பற்றலாம்.

வயலிலேயே செய்யத்தக்க சோதனைகள்

பழுது எங்கே என்று தேடுவது பொறியாளர் வேலை என்று விவசாயி ஒதுங்க வேண்டியதில்லை. மோட்டார் ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு கேபிள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் அதே முறை இங்கும் செல்லும். கருவியைப் பொருத்தும் அன்றே, ஈர முள்ளைத் துடைத்துக் காற்றில் பிடித்து ஓர் அளவும், ஒரு சொம்புத் தண்ணீரில் முக்கி ஓர் அளவும் எடுத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முக்கும்போது முள்ளை மட்டும் குறித்த கோடுவரை நனைக்க வேண்டும். பெட்டியை நனைக்கக் கூடாது. பின்னால் சந்தேகம் வரும்போது அதே இரண்டு அளவுகளையும் எடுத்துப் பார்த்தால், முள் கெட்டிருக்கிறதா இல்லையா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு அளவும் சரியாக இருந்து, மண்ணில் மட்டும் தவறாகக் காட்டினால், முள்ளைச் சுற்றிச் சரளையில் காற்று இடைவெளி இருக்கலாம். அல்லது மின் அளவை ஈர அளவாக மாற்றும் கணக்கு வேறு மண்ணுக்காக எழுதப்பட்டிருக்கலாம். கரிசல் களிமண்ணுக்குப் போட்ட கணக்கு இந்த மாவட்டத்துச் செம்மண்ணுக்குப் பொருந்தாது. இது முள்ளின் பழுதுபோலத் தெரியும். உண்மையில் மென்பொருளில் திருத்த வேண்டியது.

செய்தி அனுப்பாத பெட்டியை எடுத்துத் தலைமைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பேசினால் பழுது பெட்டியில் இல்லை. தூரத்திலோ தழையிலோ நடுவில் உள்ள பெட்டியிலோ இருக்கிறது. அங்கேயும் பேசாவிட்டால் நல்ல பாட்டரியைப் போட வேண்டும். பிறகும் பேசாவிட்டால்தான் பெட்டியைக் கழற்றி அனுப்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது குற்றவாளி என்று தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் பழுது தீரலாம், காரணம் தெரியாது, அடுத்த மாதம் அதே பழுது திரும்பி வரும்.

பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று தொலைபேசியில் சொல்வார்கள். பல சமயம் சரியாகவும் ஆகும். ஆனால் அணைத்த உடனே, என்ன நடந்தது என்ற தடயமும் அழிந்து போகலாம். எந்த நாள், எந்த நேரம், எந்த விளக்கு எரிந்தது, மழையா வெயிலா என்பதை எழுதிக்கொண்ட பிறகே அணைக்க வேண்டும். தடயத்தின் மதிப்புக்கு ஓர் உதாரணம் உண்டு. 1997 ஜூலையில் செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி திரும்பத் திரும்பத் தானாகவே அணைந்து எழுந்தது. பூமியில் அதே மாதிரி கணிப்பொறி ஒன்றை ஓட்டி, சோதனைக் காலத்தில் வைத்த பதிவுக் கட்டளைகளின் உதவியால் பிழையைக் கண்டுபிடித்தார்கள். திருத்தத்தை விண்வெளி வழியே அனுப்பிச் சரி செய்தார்கள். பதிவுக் கட்டளைகளை நீக்காமல் விட்டிருந்ததும், பூமியில் இரட்டைக் கருவி இருந்ததும் கைகொடுத்தன. செவ்வாய்க் கோளில் சாத்தியமானது செட்டிக்கரையிலும் சாத்தியமே. பெட்டிக்குள் கடைசிச் சில நாட்களின் நடப்பைப் பதிந்து வைப்பதற்கு இன்றைய சில்லில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நடுவில் ஒரு வார்த்தை. எலி கடித்த கம்பி, கன்றுக்குட்டி இடித்துச் சாய்த்த கம்பம், காட்டோரத்தில் யானை மிதித்த பெட்டி இவற்றுக்கெல்லாம் மென்பொருள் எழுதுபவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெட்டி மிதிபட்டுவிட்டது என்று மறுநாள் காலையிலாவது தெரிவிக்கும் கடமை அவர் எழுதிய கட்டளைக்கு உண்டு.

பணம் யாருடையது

ஓர் ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தனியாக இதை வாங்குவது இப்போதைக்குத் தேவையற்ற செலவு என்றே சொல்ல வேண்டும். வேர் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பதும், நீர் நிரப்பிய இழுவிசைமானி இரண்டை நடுவதும் அவருக்குப் போதும். மண் மிகவும் காய்ந்தால் இழுவிசைமானியும் நின்றுவிடும் என்றாலும், நின்றது கண்ணாடிக் குழாயில் தெரியும். பங்குக் கிணறு வைத்திருப்பவர்களும் விவசாயிகள் குழுக்களும் சேர்ந்து வாங்கி, ஊர் இளைஞர் ஒருவரைப் பழுது பார்க்கப் பழக்கினால் கணக்கு வேறாகும்.

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கொடுக்கப்படுகிறது. ஈரக் கருவிகளுக்கும் அதுபோல மானியம் கொடுப்பதானால், பெட்டியை நட்டுப் படம் எடுத்த அன்றே முழுத் தொகையையும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பகுதியை ஓர் அறுவடை முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். அனுப்ப வேண்டிய செய்திகளில் எத்தனை வந்து சேர்ந்தன என்ற கணக்கைப் பார்த்தே மீதியைக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தலைமைப் பெட்டியிலேயே இருக்கும். யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. பயிர் நிற்கும்போது விவசாயிக்குச் சொல்லாமல் புதிய கட்டளைகளை ஏற்றக் கூடாது. ஏற்றியது சரிப்படாவிட்டால் பழையதற்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதலாம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. தொடர்பு அறுந்த நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? நிறுத்தச் சொன்னால் பயிர் காயும். ஓட விட்டால், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் கருகும். இந்த முடிவை எங்கோ இருக்கும் ஒருவர் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்புகிறார். தண்ணீர் ஊறும் கிணற்றுக்கு ஒன்று, ஒரு மணி நேரத்தில் வற்றும் கிணற்றுக்கு வேறொன்று என்று விவசாயியைக் கேட்டே எழுத வேண்டும். எது எழுதினாலும், கருவியை மீறிக் கையால் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு சுவிட்சு அறைக்குள் இருக்க வேண்டும்.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. மாணவர்கள் கருவி செய்து மேசைமேல் காட்டி மதிப்பெண் வாங்குவதோடு நிற்காமல், தக்காளியும் கரும்பும் தழைத்து நிற்கும் தோட்டத்தில் அதை நட்டு, வேண்டுமென்றே ஒரு பெட்டியை அணைத்து, ஒரு முள்ளைப் பிடுங்கி, ஒரு பாட்டரியை இறக்கி, கருவி அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறதா என்று விவசாயிகள் முன்னிலையில் காட்டலாம். சித்திரை, வைகாசியில் கல்லூரி விடுமுறை என்று சொல்வார்கள். கருவிக்கு விடுமுறை இல்லாத மாதங்கள் அவைதான்.